மலைநாட்டிற் சோற்றை உதிரியாகச் சமைத்தல்

நுவரெலியா மாவட்டத்தின் உயர்ந்த பாகங்களில் நெல் விளைவதில்லை. வலப்பனை, ஹங்குரன்கெத்தை முதலிய தாழ்ந்த பகுதிகளிலுள்ள படிவயல்களில் விளைவது நீங்கலாக, இங்கு உண்ணப்படும் அரிசியிற் பெரும்பங்கு பொலனறுவை, அநுராதபுரம், அம்பாறை முதலிய மாவட்டங்களிலிருந்து மலையேறி வருவதாகும். தோட்டத்துக் குடும்பம் அதனைக் காசு கொடுத்தே வாங்குகின்றது. அவ்வாறு வாங்கிய அரிசி பானையிற் களியாகக் குழைவதும், மேற்புறம் குழைந்து உள்ளே வேகாமல் நிற்பதும் இப்பகுதியிற் பலரும் அறிந்த குறைகளாம். கறியுடன் பிசைந்து உண்ணும் சோற்றில் இக்குறை ஓரளவு மறையும். கடைகளிற் 'பிரைட் றைஸ்' என வழங்கும் வதக்கிய சோற்றில் அது மறையாது. பருக்கைகள் தனித்தனியே நில்லாவிடின் தாச்சியில் இட்ட சோறு கட்டியாகிப் பிடித்துக் கரிந்து போகும்.

இவ்வுணவு இம்மாவட்டத்திற்குப் பிறிதொரு வகையிலும் பொருத்தமானது. அதற்கு வேண்டிய கரட், லீக்ஸ், கோவா, போஞ்சி என்னும் மரக்கறிகள் யாவும் இம்மலைச் சரிவுகளிலே விளைவன. சித்திரை மாதத்து வசந்தகாலத்தில் நுவரெலியா நகருக்கு மக்கள் திரளும்போது, தோட்டத்து இளைஞர் சிலர் தெருவோரத்திற் சிறு உணவுச்சாலை அமைத்து இரண்டொரு வாரம் வருவாய் தேடுவதுண்டு. அவர்களுக்கு ஒரு பானைச் சோறு குழைந்தால் அன்றைய ஊதியம் போயிற்று. இன்னொரு பானைச் சோறு கெட்டதை அறியாமல் விற்றாலோ, உண்டவர் நோயுறுவர். இவ்விரு தீங்குகளையும் தவிர்க்கும் வழி ஏறக்குறைய ஒன்றே என்பது பின்வருவனவற்றால் விளங்கும்.

கொதிநீரின் வெப்பம்

கொதிக்கும் நீர் எவ்விடத்தும் ஒரே வெப்பமுடையது என்று கருதுதல் தவறு. கடல் மட்டத்தில் நீர் சதமவளவை 100 பாகையிற் கொதிக்கும். உயரம் செல்லச் செல்ல வளிமண்டல அமுக்கம் குறைதலால், ஏறத்தாழ 300 மீற்றருக்கு ஒரு பாகை வீதம் கொதிநிலையும் தாழும். நுவரெலியா நகரம் கடல் மட்டத்துக்கு 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கு நீர் ஏறக்குறைய 94 பாகையிற் கொதிக்கின்றது. அற்றனில் அது ஏறக்குறைய 96 பாகை. கொழும்பிற் சமைத்துப் பழகிய ஒருவர் நுவரெலியாவில் அதே அரிசியை அதே அளவு நீரில் அதே நேரம் வேகவைத்தால், அரிசி ஆறு பாகை குறைந்த நீரில் வெந்திருக்கும்.

இதனை அறியாதார் பானையையோ அரிசிக் கடைக்காரரையோ நோவர். இஃது இந்நாட்டார்க்கு மட்டும் உரிய மயக்கமன்று. 1835ஆம் ஆண்டு தென்னமெரிக்காவின் அந்தீசு மலைகளைக் கடந்த சாள்ஸ் டார்வின் என்னும் அறிஞரின் உடன்சென்றோர், உருளைக்கிழங்கை இராமுழுதும் அடுப்பில் வைத்தும் அது வேகாமை கண்டு, புதிய பானையின் குற்றம் என முடிவு செய்தனர். உண்மைக் காரணம் அம்மலையின் உயரமே.

அரிசியின் நிலை அத்துணை மோசமன்று. அரிசியிலுள்ள மாப்பொருள் நீரை உறிஞ்சிக் குழையத் தொடங்கும் வெப்பம், இனத்துக்கேற்ப, 55 முதல் 79 பாகை வரையிலாகும். ஆதலின் 94 பாகை நீரிலும் அரிசி வேகும். ஆனால் மெதுவாக வேகும். வெளிப்புறம் வெந்து நீரை உறிஞ்சிப் பருக்க, வெப்பமும் நீரும் நடுப்பாகத்தை அடையக் காலம் செல்லும். அதற்குள் பானை நீர் ஆவியாகி வற்றிவிடும். சமைப்பவர் மேலும் நீர் ஊற்றுவார். நடுப்பாகம் வேகும் வேளையில் வெளிப்புறம் வெடித்துக் கரைந்துவிடும். குழைந்த சோற்றின் வரலாறு பெரும்பாலும் இதுவே.

அடுப்பைப் பெரிதாக எரித்தால் விரைவில் வேகும் என்பதும் பிழையான எண்ணம். மெல்லக் கொதிக்கும் நீரும் துள்ளிக் கொதிக்கும் நீரும் ஒரே வெப்பமுடையன. மிகுதியான விறகு நீரை ஆவியாக்கவே செலவாகும். பருக்கைகளும் ஒன்றோடொன்று மோதி உடையும். கொதி வந்தபின் விறகை இழுத்து, மூடியைச் சிறிது விலக்கி வைத்து, மெல்லக் கொதிக்க விடுதலே தக்கது. விறகுக்காக மலையடிவாரம் வரை நடக்கும் தோட்டத்துப் பெண்களுக்கு இதன் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை.

அரிசி

அரிசி மாப்பொருள் இருவகை மூலக்கூறுகளால் ஆயது. ஒன்று அமைலோசு, மற்றையது அமைலோபெற்றின். அமைலோசு மிகுந்த அரிசி உதிரியாக வெந்து, ஆறியபின் இறுகும். அது குறைந்த அரிசி ஒட்டும். நூற்றுக்கு 25 பங்குக்கு மேல் அமைலோசு உள்ளவை உயர்ந்தன எனவும், 20 முதல் 25 வரை உள்ளவை இடைத்தரமானவை எனவும் வகுக்கப்படும். ஒட்டரிசி என்னும் பசையரிசியில் இப்பொருள் இல்லை என்றே கூறலாம். பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வெளிவந்த பீ.ஜி. இனங்களிற் பெரும்பாலானவை அமைலோசு மிகுந்தவை. அன்றாடச் சோற்றுக்கு 'ஆறினாற் கல்லாகிவிடுகின்றது' என்று இகழப்படும் இக்குணமே வதக்கிய சோற்றுக்கு வேண்டிய குணமாகும். பாசுமதி அரிசி இடைத்தரமானது; நீண்டு வெந்து மென்மையாயும் உதிரியாயும் நிற்கும். விலை கொடுக்க இயன்றவர் அதனை வாங்கலாம். இயலாதவர் வருந்த வேண்டியதில்லை. நாட்டரிசியிலேயே இவ்வேலை நன்கு முடியும்.

புழுங்கலரிசி பச்சையரிசியினும் சிறந்தது. நெல்லை உமியுடன் அவித்து உலர்த்தும்போது மாப்பொருள் ஒருமுறை குழைந்து மீண்டும் இறுகுவதால், பருக்கை உறுதியாகின்றது. சமைக்கையில் வெடிப்பதும் கரைவதும் குறைவு. தவிட்டிலுள்ள உயிர்ச்சத்திற் சிறிது உள்ளே ஊறிச் சேர்வதும் ஒரு நன்மை. வேக நேரம் கூடும் என்பதொன்றே குறை. பச்சையரிசியே கிடைக்குமாயின், புதிதாகக் குற்றிய புது நெல்லின் அரிசியைத் தவிர்த்து, சில மாதம் வைத்திருந்த பழைய அரிசியைத் தேடி வாங்குக. பழைய அரிசி நீரை மிகுதியாக உறிஞ்சி, ஒட்டாமற் பருக்கும்.

குறுநொய்யைச் சுளகிற் புடைத்து நீக்கிவிட வேண்டும். முழு அரிசி வேகுமுன் குறுநொய் கரைந்து பசையாகி மற்றப் பருக்கைகளையும் ஒட்டவைக்கும். நீக்கியதை எறிதல் வேண்டா. கஞ்சிக்கு அது நன்று. மூடுபனி மிகுந்த இப்பகுதியில் அரிசியைச் சாக்கில் வைத்தால் ஈரம் ஏறிப் பூஞ்சணம் பிடிக்கும். இறுகிய மூடியுள்ள தகரப் பேணியே ஏற்றது.

சமைக்கும் முறை

நீரை அளந்து ஊற்றி வற்றவைக்கும் முறை தாழ்நிலத்துக்குரியது. மலைநாட்டில் வேகும் நேரம் நீளுதலால், எவ்வளவு நீர் ஆவியாகும் என்பதை மதித்தல் கடினம். எனவே மிகுந்த நீரிலிட்டு வடித்தெடுக்கும் பழைய முறையே இங்கு நம்பத்தக்கது. முன்னோர் இதனைக் கையாண்டது காரணமின்றியன்று.

அரிசியை அரிக்கன் சட்டியிலிட்டுக் கல் அரித்து, மும்முறை கழுவுக. ஒட்டியுள்ள மாத்தூள் போவதற்கு அது போதும். நீர் தெளியும் வரை பத்து முறை கழுவுவோர் உயிர்ச்சத்தையும் கழுவிவிடுகின்றனர். பின்னர் ஊறவைக்க வேண்டும். இந்த ஒரு செயலே மலைநாட்டுச் சமையலிற் பாதி வெற்றி. ஊறிய அரிசியின் நடுப்பாகத்தில் ஏற்கெனவே நீர் இருப்பதால், வெப்பம் சென்றவுடன் அது குழையும். வெளிப்புறம் காத்திருக்க வேண்டியதில்லை. நுவரெலியாவிற் குழாய் நீர் மிகக் குளிர்ந்தது. குளிர் நீரில் அரிசி மெதுவாகவே ஊறும். கை பொறுக்கும் வெதுவெதுப்பான நீரிற் பச்சையரிசியை அரைமணி நேரமும், புழுங்கலரிசியை ஒரு மணி நேரமும் ஊறவிடுக. ஊறியபின் கையாற் பிசையாது நீரை வடிக்க. ஊறிய பாசுமதி எளிதில் முறியும்.

ஒரு சுண்டு அரிசிக்கு அதே சுண்டால் ஆறு சுண்டு நீர் எடுத்து, உப்பு இட்டுக் கொதிக்கவைத்து, நீர் நன்கு கொதித்தபின் அரிசியை இடுக. குளிர் நீரிலிட்டுச் சூடாக்குவதால் மாப்பொருள் கரைந்து வெளியேறும் நேரமே கூடும். இட்டவுடன் அடியிற் பிடியாதபடி அகப்பையால் ஒரு முறை கிளறிவிட்டு, அதன்பின் கிளறாதிருத்தல் வேண்டும். நீரிற் சில துளி எலுமிச்சைச் சாறு இட்டாற் சோறு வெண்மையாகும். உதிரியாவதற்கு அதனாற் பயன் சிறிதே. எண்ணெய் இடுவது பொங்கி வழிவதைத் தடுக்கும். பருக்கைகளைப் பிரிக்கும் என்பது நம்பிக்கை மாத்திரமே. எண்ணெய் நீரின் மேலே மிதந்து கஞ்சியுடன் போய்விடும்.

வெந்ததை அறியக் கடிகாரத்தைப் பார்த்தலாகாது. அரிசியின் இனமும் வயதும் ஊறிய நேரமும் தோட்டத்தின் உயரமும் வேறுபட, நேரமும் வேறுபடும். பத்துப் பருக்கைகளை எடுத்து இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கிடையில், அவை இல்லாவிடின் ஒரு தட்டில் விரலால், அழுத்திப் பார்க்க. வேகாத பருக்கையின் நடுவில் வெண்மையான புள்ளி தோன்றும். பத்தில் ஒன்பது பருக்கைகளில் அப்புள்ளி மறைந்தால் அன்றாடச் சோற்றுக்கு ஏற்ற பதம். வதக்கும் சோற்றுக்கு, இரண்டு மூன்று பருக்கைகளில் ஊசி முனையளவு புள்ளி நிற்கும்போதே வடிக்க வேண்டும். எஞ்சிய வேக்காடு பானைச் சூட்டிலும் தாச்சியிலும் நிறைவுறும். இப்பதத்தை இரண்டு மூன்று முறை பார்த்துப் பழகியவர் பின்னர் ஒருபோதும் தவறார்.

கஞ்சியை முற்றாக வடித்து, பானையைத் திறந்தபடியே தணலின் மேல் இரண்டு மூன்று நிமிடம் வைத்து எஞ்சிய ஈரத்தைப் போக்குக. வடித்த கஞ்சியில் அரிசியின் உயிர்ச்சத்துச் சிறிது கரைந்துள்ளது. அதனைச் சாக்கடையில் ஊற்றுதல் பெரிய வீண்செலவு. உப்பிட்டு வெங்காயம் நறுக்கியிட்டுச் சூடாகப் பருகுதல் குளிர் காலைக்கு மிகவும் ஏற்றது.

அமுக்கச் சமையற்கலம் வைத்திருப்போர்க்கு உயரத்தின் இடர் இல்லை. அதன் மூடியின் பாரம் உள்ளே அமுக்கத்தைக் கூட்டுவதால், நுவரெலியாவிலும் நீர் 100 பாகைக்கு மேற் சூடாகும். ஆயின் வேகம் மிகுதி. ஒரு நிமிடம் கடந்தால் களியாகும். ஊறிய அரிசியின் அளவுக்குச் சிறிதே கூடிய நீர் ஊற்றி, அமுக்கம் தணிந்தவுடன் திறந்து பரப்புதல் வேண்டும். மின்சாரச் சமையற்கலம் நீர் வற்றியபின் அடித்தட்டு மேலும் சூடேறுவதை உணர்ந்து தானே நிற்பது. மலையில் அது கூடுதலான நேரம் கொதித்து நீரை இழக்கும். ஆதலின் அரிசியை ஊறவைத்து, தாழ்நில அளவினும் சிறிது கூட நீர் இடுக.

ஆற்றுதலும் வைத்த சோற்றின் கேடும்

வதக்குவதற்குப் பழைய சோறே வேண்டும் என்று பலரும் கருதுகின்றனர். இவ்வுணவு சீனநாட்டில் முதல்நாள் மிஞ்சிய சோற்றைப் பயன்படுத்தும் வழியாக வழங்கியது என்பது உண்மை. ஆனால் வேண்டியது பழமையன்று. மேற்புற ஈரம் நீங்கியிருத்தலும், குளிர்ந்து இறுகியிருத்தலுமே. வெந்தபோது குழைந்த அமைலோசு, சோறு ஆறிய சில மணி நேரத்துள் மீண்டும் ஒன்றுசேர்ந்து இறுகும். ஈரமோ அதனினும் விரைவாக நீக்கத்தக்கது.

வடித்தவுடன், சூடு தணியுமுன், சோற்றை அகன்ற தட்டிலோ துவைத்து உலர்ந்த வெண்துணியிலோ ஓர் அங்குலத்துக்கு மேற்படாத கனத்திற் பரப்புக. மூடுபனி சூழ்ந்த ஊரிற் சோறு உலருமோ என்று ஐயுற வேண்டா. சுடுசோற்றின் ஈரம் குளிர் காற்றினுள் விரைந்து செல்லும். சோற்றைத் தொட்ட காற்றும் சூடேறி மேலும் ஈரத்தை ஏற்கும். இவ்வுலர்வு முதற் பத்துப் பதினைந்து நிமிடத்திலேயே நிகழ்வது. பானையில் ஆறவிட்டுப் பின்னர் பரப்பினால் நிகழாது. ஆறிய சோறு பனிக்காற்றிற் கிடந்தால் ஈரத்தை மீண்டும் ஏற்றலும் கூடும். ஆகவே சூட்டிற் பரப்பி, இடையில் ஒருமுறை முட்கரண்டியாற் கிளறி, விசிறி, அரைமணி முதல் ஒரு மணி நேரத்துள் வதக்கிவிடலாம். முதல்நாட் சோறு எவ்வகையிலும் தேவையில்லை.

இதனை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 1971ஆம் ஆண்டு தொடங்கிப் பிரித்தானியாவிற் சீன உணவகங்களில் வதக்கிய சோறு உண்டோர் பலர் சில மணி நேரத்துள் வாந்தியுற்றனர். ஆராய்ந்தபோது, அவ்வுணவகங்களிற் பெரும் பானைகளிற் சோறு சமைத்து, இரவு முழுதும் அறையின் சூட்டிலே வைத்து, மறுநாள் வதக்கியமை தெரிந்தது. குளிரூட்டியில் வைத்தாற் சோறு கட்டியாகும் என்று அஞ்சியே அவ்வாறு செய்தனர். உதிரியான சோற்றின் மேல் வைத்த ஆசையே நோய்க்கு வழியாயிற்று.

இந்நோயை விளைப்பது பசிலசு சீரியசு என்னும் பற்றீரியம். அது மண்ணில் வாழ்வது. நெல்லோடு அரிசியிலும் வந்து சேரும். அதன் வித்திகள் கொதிநீரில் இறவா. 100 பாகையில் இறவாதவை நுவரெலியாவின் 94 பாகையில் இறவா என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கும். அந்நஞ்சு பின்னர் எத்துணை வதக்கினும் அழியாது. உண்டு அரைமணி முதல் ஆறு மணி நேரத்துள் வாந்தி காணும். சோற்றில் நாற்றமோ சுவை வேறுபாடோ இல்லாதிருத்தலும் கூடும். ஆதலின் முகர்ந்து பார்த்து நம்புதல் ஏமாற்றமாகும்.

நுவரெலியாவின் குளிரே குளிரூட்டி போலாகும் என்று சிலர் கூறுவர். வெளியே பனி பெய்யும் இரவிலும், லயத்து அறையில் அடுப்பருகே மூடிவைத்த பானையின் நடுச்சோறு பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். பற்றீரியம் விரும்புவது அந்நிலையையே. குளிரூட்டி இல்லாத வீட்டில், வதக்குவதற்கென்று சோற்றை இரவு வைத்தல் கூடாது. விடியற்காலையிற் கொழுந்தெடுக்கச் செல்லுமுன் உணவு கட்ட வேண்டிய தாய், இரவில் அரிசியை மட்டும் புடைத்துக் கழுவி ஆயத்தமாக வைத்து, எழுந்தவுடன் ஊறவைத்து, அடுப்பு மூட்டித் தேநீர் முதலியன முடிக்கும் நேரத்தில் அது ஊற, வடித்துப் பரப்பலாம். சோறு ஆறும் நேரத்தில் மரக்கறி அரியப்படும். குளிரூட்டி உள்ளோர், பரப்பி ஆறிய சோற்றை ஒரு மணி நேரத்துள் ஆழமற்ற பாத்திரத்தில் இட்டு, 5 பாகைக்குக் கீழ் வைத்து, ஒரு நாளுள் பயன்படுத்துக. விற்பனைக்குச் சமைப்போர் காலையில் ஒரு பெரும்பானை சமைப்பதைவிட, காலையும் மாலையும் இரு சிறுபானை சமைப்பது நன்று. விறகு சிறிது கூடினும் சோறு மிஞ்சுவது குறையும்.

நீர் ஊற்றி வைத்துக் காலையில் உண்ணும் பழஞ்சோறு வேறு வகையினது. அதில் இரவிற் புளிப்பு உண்டாகிப் பல கிருமிகளை ஒடுக்கும். நீரின்றி மூடிவைத்த சோற்றுக்கு அக்காப்பு இல்லை.

தாச்சியில் வதக்குதல்

நீரின் கொதிநிலை மலையிற் குறைந்தாலும் எண்ணெயின் சூடு குறைவதில்லை. அது நெருப்பைப் பொறுத்தது. சமைக்கும்போது சிறுதீ வேண்டியது போல வதக்கும்போது பெருந்தீ வேண்டும். சோறு வேகக் கனத்த கட்டை விறகும், வதக்கும்போது கவ்வாத்தில் எடுத்துக் காயவைத்த தேயிலை மிலாறும் பொருந்தும். மிலாறு குறுகிய நேரம் கடுஞ்சுவாலையுடன் எரியும். ஒரு தாச்சிச் சோற்றுக்கு அந்நேரம் போதும்.

மரக்கறிகளிற் பத்தில் ஒன்பது பங்களவு நீரே உள்ளது. அந்நீர் சோற்றிற் சேர்ந்தால் இதுவரை பட்ட பாடு வீணாகும். லீக்ஸின் மடல்களுக்கிடையில் மண் தங்குவதால் அதனை நெடுக்காகப் பிளந்து கழுவி, துணியால் ஈரம் ஒற்றியபின் அரிக. கரட்டை மெல்லிய குச்சிகளாக நறுக்குக. எண்ணெய் புகையும் தறுவாயில் முதலிற் கரட்டையும், பின்னர் போஞ்சியையும் கோவாவையும், ஈற்றில் லீக்ஸையும் இட்டு, உப்பு இடாமல், ஓரிரு நிமிடம் வதக்கித் தனியே எடுத்துவைக்க. முன்னரே உப்பிட்டால் மரக்கறி நீர் விடும். முட்டை சேர்ப்போர் அதனையும் தனியே பொரித்து உதிர்த்துக்கொள்க.

மீண்டும் எண்ணெய் காய்ந்தபின் சோற்றை இடுக. ஒரு முறைக்கு இரண்டு சுண்டு அரிசியின் சோற்றுக்கு மேல் இடலாகாது. மிகுதியாக இட்டாற் தாச்சி ஆறி, சோறு வதங்காமல் தன் ஆவியிலே அவியும். கடையில் ஐந்தாறு பேர் காத்து நிற்கும்போது இவ்விதியை மறப்பது எளிது. குழைந்த சோறு தட்டுக்கு வருவது பெரும்பாலும் அத்தருணத்திலேதான். கட்டியாயிருக்கும் சோற்றை அகப்பையின் பின்புறத்தால் அழுத்திப் பிரிக்க. குத்திக் கிளறினால் உடையும். பருக்கைகள் தாச்சியில் துள்ளத் தொடங்கியபின் மரக்கறியையும் முட்டையையும் சேர்த்து, உப்பும் மிளகுத்தூளும் தூவி, சோயாச் சாறு விரும்புவோர் அதனைச் சோற்றின் மேல் ஊற்றாது தாச்சியின் சூடான ஓரத்திற் சிறிதளவு ஊற்றிப் புரட்டி இறக்குக. உணவைக் கட்டிக் கொண்டு செல்வோர், ஆவி அடங்கியபின்னரே பெட்டியை மூடி, நண்பகலுக்கு மேல் வைக்காமல் உண்ணுதல் வேண்டும்.